சௌந்தர்யா விட்டுப்போன கோழி

அத்தியாயம் 11

ஞாயிறு ஆராதனை முடிந்து ஜெபராணி திரும்பியபோது மணி பத்தரைதான். அதற்குள் தெரு கொதித்தது. கத்திரி தொடங்கிப் பதினாறு நாளாகியும் வெயிலின் வெறி அடங்கவில்லை. புடவைத் தலைப்பை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, சிப்காட்டுக்குப் பின்னாலிருக்கும் தங்கள் சந்துக்குள் நுழைந்தாள்.

வசந்தின் வீட்டைத் தாண்டித்தான் அவள் வீடு. பூட்டிக் கிடக்கும் அந்தக் கதவைப் பார்க்காமல் நடக்க இந்த ஐந்து வாரத்தில் பழகியிருந்தாள்.

ஐந்து வாரத்துக்கு முன்பு, தோல் பதனிடும் டேனரியின் கழிவுத் தொட்டியில் அடைப்பெடுக்க இறங்கிய வசந்த் உயிரோடு மேலே வரவில்லை. முப்பத்திரண்டு வயது. அந்த ஷிப்டுக்கு மேஸ்திரி, ஜெபராணியின் கணவர் ஏசுராஜ். பதினாறாம் நாள் காரியத்துக்கு வசந்தின் மனைவி சௌந்தர்யாவின் ஊரான கலவை வரைக்கும் போய்வந்தவர், அதற்கப்புறம் வீட்டுப் படி இறங்கவில்லை. வேலைக்குப் போகவில்லை. சர்ச்சுக்கு வரவில்லை. என்ன நடந்தது என்று அவள் கேட்கும்போதெல்லாம், "அவனா எறங்கிட்டான்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அதையே எழுத்தில் கேட்டு டேனரி ஆபீசிலிருந்து தயாளன் நடையாய் நடந்துகொண்டிருந்தான். போன வாரம் ஜெபராணியே வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். "கையெழுத்துப் போட்டுடுங்க. நம்ம பொண்ணு ரெனிட்டாவுக்கு நர்சிங் இன்னும் ஒரு வருசம் இருக்குது. நீங்க ஜெயிலுக்குப் போய்ட்டா நாங்க இன்னா பண்றது?"



செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஜெபராணி நேராகப் பின்பக்கம் போனாள். கதவைத் திறந்தாள். கோழிக்கூண்டு முழு வெயிலில் இருந்தது. காலையில் அவள் கிளம்பும்போது அந்த இடத்தில் சுவரின் நிழல் விழுந்திருந்தது. "வெயில் ஏறுச்சுன்னா கூண்டத் தொறந்து முருங்க மரத்தாண்ட விட்ருங்க" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனாள். உள்ளேயிருந்து "உம்" என்று ஏசுராஜின் குரல்கூட வந்தது.

கூண்டின் தகரத்தில் வைத்த கை சுட்டது. கொக்கியைத் தட்டிவிட்டதும் இரண்டு கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு வெளியே ஓடிவந்து, குழாயடி ஈரத்தில் போய் விழுந்தன.

மூன்றாவது வரவில்லை.

மூன்றும் வசந்த் வீட்டுக் கோழிகள். சௌந்தர்யாவைக் கைக்குழந்தையோடு கலவைக்கு அழைத்துப் போக அவள் தம்பி வந்தபோது, அவள் இந்தக் கூண்டைத் தூக்கிக்கொண்டு ஜெபராணியிடம் வந்தாள். "அக்கா, இதுங்கள மட்டும் பாத்துக்குங்க. ஊடு காலி பண்ண வர்றப்போ எடுத்துக்கினு போறேன்." வேறு எதையும் அவள் யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

உள்ளே கிடந்தது அந்தச் செவலைக் கோழி. அதற்கு வசந்த் 'மேடம்' என்று பேர் வைத்திருந்தான். டேனரிக்கு ஆடிட் பண்ண வந்த ஒரு அம்மா தரையில் கால் படாமல் நடந்தாளாம், இதுவும் அப்படியே நடக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். இப்போது மேடம் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. இறக்கை இரண்டும் உடம்பை விட்டு விலகித் தொங்கின. அலகு திறந்தபடி இருக்க, தொண்டை படபடவென்று துடித்தது. சிவப்பாக நிமிர்ந்து நிற்கும் கொண்டை வாடி, ஓரமெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது.

"இன்னாங்க!" ஜெபராணி கத்தினாள். "கூண்டத் தொறக்கவே இல்லியா?"



கோழியை அள்ளியெடுத்தாள். நெருப்பைத் தூக்கியது போலிருந்தது. அதைக் கொண்டுவந்து பின்வாசல் நடையில், சிமெண்டுத் தரையில் கிடத்திவிட்டு ஒரு சொம்பு தண்ணீரை மொண்டு அதன் தலையில் ஊற்றப் போனாள்.

"ஏய் ஜெபா, ஊத்தாதே!"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஹலீமா பீயின் தலை எட்டிப் பார்த்தது. பத்துப் பன்னிரண்டு கோழி வளர்ப்பவள். சத்தம் கேட்டு வந்திருந்தாள். "திடுக்குனு தண்ணி ஊத்துனா அப்பவே போய்டும். இரு, வர்றேன்."

சுற்றிக்கொண்டு வந்தவள் கோழியின் இறக்கையைத் தூக்கிப் பார்த்தாள். வாலடியைப் பார்த்தாள். தண்ணீராகக் கழிந்திருந்தது.

"வெள்ளக் கழிச்சலா அக்கா?"

"அது இல்ல. சூடுதான். கூண்டுல வெச்சு அவிச்சிட்டீங்க." சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்பது போல ஹலீமா பீ குரலைத் தணித்துக்கொண்டாள். "டப்புல பானைத் தண்ணி ஊத்து. ஐஸ் வேணாம். கால் ரெண்டையும் அதுல வை. ஈரத் துணியால இறக்கைக்குக் கீழ ஒத்து. உப்பும் சக்கரையும் கலந்து சொட்டுச் சொட்டா குடு. அதுவா முழுங்கணும். தொண்டைல ஊத்திடாதே."

"மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கினு போவட்டா?"

"ஞாயித்துக்கிழமைல யாரு இருக்கா? இந்த வெயில்ல தூக்கினு போனா வழியிலயே முடிஞ்சிடும்." எழுந்தவள் கோழியை இன்னொரு முறை பார்த்தாள். "பெரிய கோழி. தாங்கும். பாக்கலாம்."

அவள் வீட்டில் விருந்தாளிகள். போய்விட்டாள்.

ரெனிட்டா போன தடவை விட்டுப்போன, ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று அலமாரியில் கிடந்தது. அதில் உப்புச் சர்க்கரைத் தண்ணீரை எடுத்து ஜெபராணி அலகின் ஓரத்தில் சொட்டுவிட்டாள். முதல் இரண்டு சொட்டும் வெளியே வழிந்தன. மூன்றாவதை மேடம் விழுங்கியது. ஜெபராணி தன்னையறியாமல், "ஸ்தோத்திரம்" என்றாள்.

அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு போனை எடுத்துக் கலவைக்குப் பேசினாள்.

"சௌந்தர்யா, கோழிக்கு ஒடம்பு சரியில்லம்மா. செவலை."

"மேடமா?" மறுமுனையில் குழந்தை அழுதது. "இன்னாக்கா ஆச்சு?"

"வெயில் தாங்கல. கூண்டு... வெயில்ல இருந்துச்சு."

யார் விட்டது, ஏன் விட்டது என்று சௌந்தர்யா கேட்கவில்லை. "கொழந்தைய அம்மாகிட்ட விட்டுட்டு வர்றேங்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

ஒரு கோழிக்காக இந்த வெயிலில் ஆற்காடு வந்து பஸ் மாறி வர வேண்டுமா என்று தடுக்க நினைத்தாள் ஜெபராணி. அதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

பன்னிரண்டு மணிக்கு அதே போன் அடித்தது. தயாளன்.

"சிஸ்டர், மேஸ்திரி போன் ஸ்விட்ச் ஆஃப்லயே இருக்குது. சாயந்தரம் அஞ்சு மணிக்கு வர்றேன், ரெடியா இருக்கச் சொல்லுங்க."

"கையெழுத்துக்குத்தான சார்? சொல்லியிருக்கேன். போட்டுடுவாரு."

தயாளன் சிரித்தான். "அது புதன்கிழமையே ஆயிடுச்சே சிஸ்டர். நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க, நானே ஊட்டுக்கு வந்து வாங்கினு போய்ட்டேன். நாளைக்கு விசாரணை ஆபீசர் முன்னால அதையே வாயால ஒருதரம் சொல்லணும், அவ்ளோதான். வசந்த் குடிச்சிட்டு இருந்தான், மேஸ்திரி வேணாம்னு சொல்லியும் கேக்காம எறங்கிட்டான். இந்த ரெண்டு பாயிண்ட் மட்டும் மாறாம சொல்லிட்டா போதும். எல்லாம் சுமுகமா முடிஞ்சிடும்."

"குடிச்சிட்டா?"

"ஆமா சிஸ்டர். பேப்பர்ல இருக்குதே."

போனை வைத்த பிறகும் ஜெபராணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வசந்த் குடித்துக்கொண்டிருந்தவன்தான். குழந்தை பிறந்ததிலிருந்து தொடுவதில்லை. சந்துக்கே அது தெரியும். விட்டுவிட்டான் என்பதை நம்பாமல் அவனுடைய மூச்சைக்கூட முகர்ந்து பார்த்தவர் ஏசுராஜ்.

பின்னால் நிழல் ஆடியது. திரும்பினாள். ஏசுராஜ் நடைவாசலில் நின்றிருந்தார். மூன்று வாரத் தாடி. பனியன் தொளதொளவென்று தொங்கியது. அவர் அவளைப் பார்க்கவில்லை. கோழியைப் பார்த்தார்.

"குடு" என்றார்.

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கோழியை மடியில் வாங்கி, அதன் கால்களை டப்புத் தண்ணீரில் வைத்தார். ஈரத்துணியை எடுத்து இறக்கைக்கு அடியில் ஒற்றினார். டேனரியில் முப்பது வருஷம் தோல் புரட்டிய கைகள், நகமெல்லாம் கறை. அந்தக் கை இவ்வளவு மெதுவாகப் புழங்கி அவள் பார்த்ததில்லை.

"தொறந்து விடச் சொன்னியே" என்றார். "எழுந்துக்கணும்னுதான் நெனச்சேன். கால் வரல."

ஜெபராணி சிரிஞ்சைக் கீழே வைத்தாள்.

"இதுங்க கத்துனது கேட்டுக்கினேதான் இருந்துச்சு."

"கையெழுத்துப் போட்டத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீதான போடச் சொன்ன."

"குடிச்சான்னு எழுதச் சொன்னேனா?"

அவர் துணியைப் பிழிந்தார். மறுபடி நனைத்தார். மேடம் அலகை அகலமாகத் திறந்து, மூச்சை இழுத்து, மூடி, மறுபடி திறந்தது. ஏசுராஜின் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த வாயையே பார்த்தபடி இருந்தார்.

"அவனும் இப்பிடித்தான்" என்றார்.

"எவன்?"

"தொட்டிக்குள்ள நாலாவது படில நின்னுக்கினு மேல பாத்தான். வாயத் தொறக்கறான், மூடறான். சத்தமே வரல ராணி. இதோ, இப்பிடியே."

 ஐந்து வாரமாக ஜெபராணி தோண்டித் தோண்டிக் கேட்டது இப்போது தானாக வந்துகொண்டிருந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது.

"காலையிலேர்ந்தே அடைப்பு. மிசின் வண்டிக்குச் சொல்லியிருந்தாங்க, வரல. நாலு மணிக்கு மேல ஆபீஸ்லேர்ந்து போன் மேல போன். வேல நிக்குது, இன்னிக்கே சரி பண்ணுன்னு. வசந்தக் கூப்ட்டேன். மூடியத் தொறந்து பாத்தான். 'மேஸ்திரி, நாத்தம் வேற மாதிரி கீது, வண்டி வரட்டும்'னான்."

"நீங்க?"

"ரெண்டு நிமிசம் வேலடா, இன்னா பயப்படுற, பொண்டாட்டி திட்டுவாளான்னு கேட்டேன். சுத்தி நின்னவனுங்க எல்லாம் சிரிச்சானுங்க. அவனும் சிரிச்சான். சிரிச்சிக்கினே சட்டையக் கழட்டிட்டு எறங்குனான்."

தெருவில் எங்கோ ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது.

"நான் எறங்கப் போனேன். புடிச்சி இழுத்துட்டானுங்க." ஏசுராஜ் துணியைத் தண்ணீரில் முக்கினார். "புடிக்காம விட்டிருந்தா எறங்கியிருப்பேனான்னு தெரியல. அத நெனச்சாத்தான் தூக்கம் வர மாட்டேங்குது."

அவள் அழவில்லை. முந்தானையால் முகத்து வேர்வையைத் துடைத்தாள். ஒரு பெண்ணைப் பெற்று வைத்திருக்கிறோம், அவள் படிப்பு பாதியில் நிற்கக் கூடாது, இது இந்த நடையைத் தாண்டி வெளியே போகவே கூடாது என்றுதான் முதலில் நினைத்தாள். நினைத்தபடியே சிரிஞ்சில் தண்ணீரை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

இருவருமாகக் கோழியைப் பார்த்துக்கொண்டார்கள். அவள் டப்புத் தண்ணீரை மாற்றினாள். அவர் சொட்டுவிட்டார். ஒரு மணிக்கு மேடம் தலையைத் தூக்கியது. கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது போலக்கூட இருந்தது. ஏசுராஜின் உதடு அசைந்தது. இரண்டு கால்களும் மரத்துப் போன பிறகும் அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "ஒரு வாய் சாப்புடுங்க" என்று அவள் கொண்டுவந்து வைத்த சோறு காய்ந்தது.

இரண்டரை மணிக்கு அதன் கழுத்து ஒருமுறை பின்னால் வளைந்தது. கால்கள் நீண்டு தண்ணீரைத் தள்ளின. உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடி அடங்கியது.

ஏசுராஜ் சிரிஞ்சை எடுத்து அலகோரத்தில் வைத்தார். தண்ணீர் அப்படியே வழிந்து அவர் வேட்டியை நனைத்தது. மறுபடி எடுத்து வைத்தார்.

"போதுங்க" என்றாள் ஜெபராணி. "போய்டுச்சு."

"இல்ல, இப்பதான முழுங்குச்சு."

"போய்டுச்சுங்க."

அவள்தான் அவருடைய மடியிலிருந்து அதை எடுக்க வேண்டியிருந்தது.

மூன்றரைக்குச் சௌந்தர்யா வந்தாள். ஐந்து வாரத்தில் பாதியாகியிருந்தாள். வியர்வையில் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் ஒரு சின்ன கேரிபேக். "கலவைல மாட்டு மருந்துக் கடைக்காரர எழுப்பிக் கேட்டேங்க்கா. வெயிலுக்கு இத தண்ணில கலந்து குடுக்கணும்னாரு" என்று ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

ஜெபராணியால் அதை வாங்க முடியவில்லை. நடைமூலையில் கிடந்த ஈரச் சாக்கைக் காட்டினாள்.

சௌந்தர்யா போய்ச் சாக்கை விலக்கினாள். உட்கார்ந்து, விரிந்து கிடந்த இறக்கைகளை ஒவ்வொன்றாக மடக்கி உடம்போடு சேர்த்து வைத்தாள். சாக்கை மூடினாள்.

"எப்போ?"

"ரெண்டரைக்கு. நாங்கதாம்மா விட்டுட்டோம். வெயில்ல கெடந்துச்சு, யாரும் பாக்கல."

"வுடுங்க்கா. இந்த வெயிலுக்கு மனுசங்களே சுருண்டு விழறாங்க." அவள் குரலில் ஈரமில்லை. "அண்ணன் எங்க?"

"பின்னால குழி தோண்டறாரு."

முருங்கை மரத்தடியிலிருந்து கடப்பாரைச் சத்தம் கேட்டது. இறுகிப்போன மண்ணில் அது நங் நங்கென்று மோதியது.

ஜெபராணி அவளை முன்னறைக்குக் கூட்டிவந்து உட்கார வைத்து, பானைத் தண்ணீர் கொடுத்தாள். தலைக்கு மேல் பழைய காத்தாடி கடகடவென்று சுற்றி, சூட்டையே இறைத்தது. சௌந்தர்யா முழுச் சொம்பையும் குடித்துவிட்டு வெறுமனே அதைக் கையில் வைத்திருந்தாள்.

"அக்கா, உங்ககிட்ட சொல்லலாமா தெரியல. அவரு போட்டோவப் பாக்கவே எனக்குப் புடிக்கல."

"ஏம்மா இப்பிடிப் பேசற?"

"அம்மா தெனமும் பூ வெக்குது. நான் அந்தப் பக்கமே போறதில்ல. தயாளன் சார் கலவைக்கு வந்திருந்தாரு. எங்க ஊட்டுக்காரரு குடிச்சிருந்தாராம். அண்ணன் வேணாம் வேணாம்னு கையப் புடிச்சி இழுத்தும் கேக்காம எறங்குனாராம். கொழந்த பொறந்தன்னிக்கு அது தலைல கைய வெச்சு சொன்னாருக்கா, இனிமே தொட மாட்டேன்னு. நான் நம்பிக்கினு இருந்தேன். சாவற அன்னிக்குக்கூட என்ன ஏமாத்திட்டுத்தான் போய்ட்டாரு." சொம்பைத் தரையில் வைத்தாள். "கொழந்த வளந்து கேட்டா, உங்கப்பன் குடிச்சிட்டுப் போய் குழில விழுந்தான்னுதான சொல்லணும்?"

கடப்பாரைச் சத்தம் நின்றிருந்தது.

ஜெபராணி சுவரைப் பார்த்தாள். ரெனிட்டா சீருடையில் நிற்கும் படம் அங்கே மாட்டியிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இவள் பஸ் ஏறிவிடுவாள். ஐந்து மணிக்குத் தயாளன் வருவான். நாளைக்கு எல்லாம் முடிந்துவிடும். ஒரு வருஷம் கழித்து ரெனிட்டா நர்ஸ் ஆகிவிடுவாள். அந்தக் குழந்தை வளர்வதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்? அது கலவையில் வளரும். அப்பன் குடிகாரன் என்று கேட்டுக் கேட்டு வளரும்.

"வசந்த் குடிக்கல" என்றாள்.

சௌந்தர்யா நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாக்கா?"

"அன்னிக்கு வசந்த் குடிக்கலம்மா."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் சொன்னேன்."

ஏசுராஜ் பின்கதவில் சாய்ந்து நின்றிருந்தார். கையெல்லாம் மண். எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை.

"குடிக்கல. அவனா எறங்கவும் இல்ல. வாடை சரியில்ல, வண்டி வரட்டும்னுதான் சொன்னான். நான்தான் எறங்கச் சொன்னேன். பயப்படுறியான்னு கேட்டு, எல்லார் முன்னாலயும் கேலி பண்ணி எறக்குனேன்."

சௌந்தர்யா எழுந்தாள். அடிக்கப் போகிறாள் என்று ஜெபராணி நினைத்தாள். அடித்தால் தடுக்கக் கூடாது என்றும் நினைத்தாள். ஆனால் அவள் அவருக்கு முன்னால் போய் நின்று, முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"குடிக்கலயா?"

"இல்லம்மா."

"திருப்பிச் சொல்லுங்க."

"குடிக்கல. ஒரு சொட்டுகூடத் தொடல."

அவளுடைய முகம் கோணியது. வாயைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தாள். ஐந்து வாரமாக அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. அவனுக்காக வந்த அழுகை. கிட்டே போய்த் தோளைத் தொட்ட ஜெபராணியின் கையை உதறித் தள்ளினாள்.

"பதனாறாம் நாள் வந்தீங்களேண்ணா" என்றாள் மூச்சு வாங்க. "என் எதிர்ல எலையப் போட்டு உக்காந்து சாப்ட்டீங்களே. நான்தான உங்களுக்குப் பாயசம் ஊத்துனேன்."

ஏசுராஜ் அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

"நீங்களும்தான்க்கா" என்று ஜெபராணியின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கும் தெரியுமா?"

"இன்னிக்குத்தாம்மா தெரியும்." அது உண்மைதான். ஆனாலும் சொல்லும்போது ஜெபராணிக்கு நாக்குக் கூசியது. "ஆனா கையெழுத்துப் போடச் சொன்னது நான்தான். பேப்பர்ல போட்டுக் குடுத்துட்டாரு. நாளைக்கு ஆபீசர் முன்னால அத அப்பிடியே சொல்லணுமாம்."

சௌந்தர்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள். கண்ணாடி விரிசல் விட்ட போன். எதையோ அழுத்தி, ஏசுராஜின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.  

"இப்ப சொன்னத இதுல சொல்லுங்க. உங்க பேரு, வேல, எல்லாம் சேத்துச் சொல்லுங்க."

ஏசுராஜ் போனைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் எதையும் அவளைக் கேட்டுச் செய்தவர் இல்லை அவர். இப்போது கண்ணால் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

தலைக்கு மேல் காத்தாடி கடகடத்தது. இந்தச் சத்தத்தில் அவருடைய குரல் சரியாக விழாது.

ஜெபராணி போய் ஸ்விட்சை அணைத்தாள்.

இறக்கைகள் சுற்றித் தேய்ந்து நின்றன. சூடு அப்படியே இறங்கி மூன்று பேர் மேலும் படர்ந்தது. யாரும் வேர்வையைத் துடைக்கவில்லை.

"என் பேரு ஏசுராஜ்" என்று தொடங்கினார். "முப்பது வருசமா டேனரில வேல. அன்னிக்கு செகண்ட் ஷிப்டுக்கு நான்தான் மேஸ்திரி..."

சந்தில் பைக் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மணி இன்னும் ஐந்தாகவில்லை. வாசற்கதவைத் தட்டினார்கள்.

"சிஸ்டர்! கொஞ்சம் சீக்கிரமே வந்துட்டேன். மேஸ்திரி எழுந்துட்டாரா?"

ஏசுராஜின் குரல் அறுந்து நின்றது. சௌந்தர்யா போனை இறக்கவில்லை. கதவு மறுபடி தட்டப்பட்டது. இந்தத் தடவை தயாளனோடு இன்னொரு குரலும் சேர்ந்து கேட்டது, ஜெபராணிக்குப் பழக்கமில்லாத ஆண்குரல்.

அவள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். கதவின் மேல் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள்.

"நீங்க சொல்லுங்க" என்றாள் கணவரிடம்.

வெளியே தட்டிக்கொண்டிருக்க, வசந்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்த இடத்திலிருந்து அவர் மறுபடி சொல்லத் தொடங்கினார்.